முதல் ஏழு நாள்

(மேருவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில், தோட்ட மருத்துவமனைகளில் நெடுங்காலம் டிரசராக இருந்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சம்பளமும் போனசும் பேசுகின்ற மேடையில், பிறந்த பிள்ளையின் காமாலையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போதே வாசலில் ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, இது மாதர் பகுதிச் சமாசாரமல்லவா? எங்களை எதற்காக உட்கார வைக்கிறார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துச் சொல்லுகிறேன். இப்போதைக்கு அவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

1957இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், மலாயாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே மாண்டன. இன்று அந்தத் தொகை ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், வீடு தேடி வரும் மிஸ்ஸி, இவையெல்லாம் சேர்ந்து செய்த காரியம் அது. ஆனால் இன்றும் சாகின்ற குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை பிறந்த முதல் மாதத்திற்குள்ளேயே போகின்றன. ஆகவே, மிச்சமிருக்கிற ஆபத்து அந்த முதல் சில நாட்களில்தான் குவிந்து கிடக்கிறது. அதிலும் சாவு மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. உயிர் பிழைத்து, காது கேளாமல், கழுத்து நிற்காமல், கைகால் தன் வசமில்லாமல் திருகிக்கொண்டு வளர்கின்ற பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய லயங்களில் அப்படி ஒரு பிள்ளையைக் காட்டி, கிரகணத்தில் பிறந்தது என்பார்கள். காற்றுச் சேட்டை என்பார்கள். எல்லாவற்றிற்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவற்றில் சில, பிறந்த நாலாம் நாள் யாரும் கவனிக்காமல் விட்ட காமாலையால் வந்தவை. அது முழுக்க முழுக்கத் தடுக்கக் கூடிய கேடு. ஆகையால்தான் இன்று ஆயிரம் நோயைப் பற்றிப் பேசாமல், பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

காமாலை என்பது என்ன? நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் ஓயாமல் அழிந்து, ஓயாமல் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. அழிகின்ற அணுவிலிருந்து மஞ்சளாக ஒரு சாயம் வருகிறது. பிலிருபின் என்று அதற்குப் பெயர். அதைப் பக்குவப்படுத்தி மலத்தோடு வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. பெரியவர்களுடைய சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். பிறந்த குழந்தையின் அணு அவ்வளவு நாள் தாங்காது; சீக்கிரம் உடையும். அணுக்களும் அதற்கு அதிகம். ஈரலோ நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள்! இலையுதிர்ந்து தழைத்த பிறகு பால் பொங்கி வருகிற நாளில், ஸ்டோரில் தொட்டிகள் போதாமல் வாளிகள் வரிசையாக நிற்குமே, அந்த நிலைமைதான். தேங்கிய மஞ்சள் தோலில் படிகிறது, கண்ணில் படிகிறது.

இது பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதுதான். மாதம் நிறைந்து பிறந்த பத்துக் குழந்தைகளில் ஆறுக்கு வரும். குறைமாதக் குழந்தைகளில் எட்டுக்கு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தோன்றி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானே இறங்கிவிடும். சிக்கலே இங்கேதான். “எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே, எனக்கும் வந்தது, உன் புருஷனுக்கும் வந்தது” என்று பாட்டி சொல்லுகிறார். பாட்டி சொல்லுவது பொய்யல்ல. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றுக்கு மஞ்சள் நிற்காமல் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் அது மூளைக்குள் புகுந்து, உள்ளே இருக்கிற கருக்களைக் கெடுத்துவிடுகிறது. கெட்டது கெட்டதுதான், பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. ஏறுகின்ற காமாலை எது, இறங்குகின்ற காமாலை எது என்று பாட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பது வருஷம் டிரசராக இருந்தவனுடைய கண்ணும் இதில் ஏமாந்து போகும். இரத்தத்தைச் சோதித்து அளவு பார்த்தால்தான் தெரியும்.

கண் ஏமாறும் என்றாலும், கண்ணால் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற முடிவு வீட்டிலேதானே பிறக்கிறது? பார்க்கும் முறையைச் சொல்லுகிறேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாகப் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்தின இடம் இரத்தம் விலகி வெளுத்திருக்கும் அந்த ஒரு கணத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான பிள்ளைகளுக்குத் தோலைவிடக் கண்ணின் வெள்ளையும் ஈறும்தான் நல்ல சாட்சி. மஞ்சள் முகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்குவது வழக்கம். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பிறந்து இருபத்து நாலு மணி நேரம் ஆவதற்குள் மஞ்சள் தெரிந்தால், அது சாதாரணக் காமாலை அல்லவே அல்ல. தாயின் இரத்தத்துக்கும் பிள்ளையின் இரத்தத்துக்கும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மஞ்சளோடு கூடப் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், துவண்டு கிடந்தால், குரல் கீச்சென்று மாறி அழுதால், முதுகை வில்லாக வளைத்தால், அப்போது கிளினிக்கா ஆஸ்பத்திரியா என்று யோசிக்கவும் நேரமில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்த்து, “நல்ல பிள்ளை, அழாத பிள்ளை” என்று பெருமைப்படுகிறோம். மூன்றாம் நாள் பாலுக்கும் எழாத பிள்ளை நல்ல பிள்ளை அல்ல, தாய்மார்களே. அது நோயாளி.

இனி நம் வீட்டு வழக்கங்களுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் ஓர் அறைக்குள் வைத்து, காற்றுப்படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மஞ்சள் பல்பைப் போட்டு வைக்கிறோம். பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிறோம். மஞ்சள் துணியில் சுற்றுகிறோம். மிஸ்ஸி வந்து பார்த்தால் பிள்ளை முழுவதும் மஞ்சள்! அதில் பூசிய மஞ்சள் எது, நோயின் மஞ்சள் எது என்று யார் பிரித்துச் சொல்வது? மஞ்சள் மங்கலப் பொருள்தான், நான் மறுக்கவில்லை. முதல் இரண்டு வாரம் மட்டும் அதைத் தாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வேண்டாம். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

அடுத்தது வெயில். “காமாலையா? காலை வெயிலில் காட்டு” என்று சொல்லாத வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது. இது வெறும் மூட நம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில், 1956இல், வார்டு என்ற தலைமைத் தாதி, குறைமாதக் குழந்தைகளை நல்ல வெயிலுள்ள நாட்களில் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் வைப்பது வழக்கம். ஒரு நாள் ஒரு குழந்தையைக் கொண்டு வந்து வைத்தியர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, ஒரு முக்கோண அளவு இடம் மட்டும் பழைய மஞ்சளாகவே இருந்தது. அந்த இடத்தைத் துணியின் மூலை மறைத்திருந்திருக்கிறது! பிறகு, வெயிலில் கிடந்த ஓர் இரத்தக் குழாயைச் சோதித்தபோது அதில் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கு ஒன்றைச் செய்து சோதித்து, 1958இல் ‘லான்செட்’ வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். இன்று உலகமெங்கும் பிள்ளை ஆஸ்பத்திரிகளில் எரிகிற நீல விளக்கின் பிறப்பு அதுதான். கண்டுபிடித்ததில் முதல் பங்கு ஒரு தாதியுடையது. நம் மிஸ்ஸிமார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மகிழ்ச்சி.

அப்படியானால் வெயிலே மருந்தாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. மஞ்சளைக் கரைப்பது வெயில் முழுவதுமல்ல, அதில் உள்ள நீல ஒளி மட்டுமே. வெயிலில் சூடும் வருகிறது, தோலைச் சுடும் கதிரும் வருகிறது. காலை எட்டு மணிக்குக் கால் மணி நேரம் முகத்தில் படுகிற வெயில், ஏறுகின்ற காமாலையை நிறுத்தாது. நிறுத்தும் அளவுக்குத் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்தினால் பிள்ளை வற்றிப் போகும், வெந்து போகும். நைஜீரியாவில், கெட்ட கதிர்களை வடிகட்டும் கூடாரத்துக்குள் குழந்தைகளை வைத்து, வைத்தியர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, வெயிலைப் பயன்படுத்திப் பலன் கண்டு 2015இல் வெளியிட்டார்கள். அது மின்சாரம் நிலையில்லாத இடத்துக்குச் செய்த ஏற்பாடு. நமக்குக் கிள்ளானில் விளக்கு இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் வேறொன்று: “வெயிலில் காட்டுகிறோமே” என்ற தைரியத்தில் இரண்டு நாள் போய்விடுகிறது. போகக் கூடாத இரண்டு நாள் அது.

விளக்கின் கீழே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்; தெரியாததால்தான் பயம். நீல ஒளி தோலில் உள்ள மஞ்சளின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய மஞ்சள், ஈரலின் தயவை எதிர்பார்க்காமல், மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஒளி தோலில் படவேண்டும் என்பதற்காகத் துணியைக் களைகிறார்கள். கண்ணைக் காப்பதற்காகக் கட்டுகிறார்கள். கண்ணைக் கட்டி, அம்மணமாக, நீல வெளிச்சத்தில் தன் பேரன் கிடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத பாட்டிகளை நான் கண்டிருக்கிறேன். அழ வேண்டாம். அங்கே ஊசியில்லை, கத்தியில்லை. தாய் வந்து வந்து பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

விளக்குக்கும் அடங்காமல் ஏறினால் இரத்தம் மாற்றுவார்கள். மூன்று கிலோப் பிள்ளையின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தம் ஏறக்குறைய கால் லிட்டர்; பால் மங்கு ஒன்றுகூட நிறையாது. அதைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்து, கொஞ்சங் கொஞ்சமாக நல்ல இரத்தத்தைச் செலுத்தி, இரண்டு மடங்கு அளவு மாற்றுவார்கள். அது கடினமான வேலை. நேரத்தோடு விளக்குக்குப் போன பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.

இப்போது நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சங்கதி. ஜி-6-பி-டி என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சிவப்பணு எளிதில் உடையாமல் காக்கிற ஒரு சத்து அது. சில பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே குறைவு. தாய் வழியாக வருவது; ஆண் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கும். மலாய்க்காரர், சீனர், நம்மவர், மூன்று இனத்திலும் உண்டு. மலேரியாக் காய்ச்சல் பூர்வீகமாக இருந்த நாடுகளிலெல்லாம் இந்தக் குறைவு காணப்படுகிறது. குறைவு உள்ளவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்லவில்லை என்பதால் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது என்கிறார்கள். நம் கிள்ளானுக்கு மலேரியா புதிதா? 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இங்கே வந்தபோது, கிள்ளானிலும் புதிதாகத் திறந்த துறைமுகத்திலும் ஜனங்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். சதுப்பை வெட்டி வடித்து அவர் அதை அடக்கினார். பிறகு தோட்டங்களில் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்துத்தான், எந்தத் தோட்டத்தில் எவ்வளவு காய்ச்சல் என்று மதிப்பிட்டார். மலேரியாவை எதிர்க்கச் செய்த பிரிமாக்குவின் என்ற மருந்து சிலருக்கு மட்டும் ஏன் இரத்தத்தை உடைக்கிறது என்று ஆராய்ந்தபோதுதான், 1956இல் அமெரிக்காவில் இந்த ஜி-6-பி-டி குறைவே கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தக் குறைவு உள்ள பிள்ளை சும்மா இருந்தால் சுகமாகவே இருக்கும். ஆனால் சில பொருள்கள் பட்டால் இரத்தம் மளமளவென்று உடைந்து, ஒரே நாளில் காமாலை உச்சிக்கு ஏறும். அவற்றில் முதலாவது எது தெரியுமா? உங்கள் அலமாரியில் இருக்கிறது! அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று சொல்லுகிறோமே, அந்த நாப்தலீன் உருண்டை. மூத்த பிள்ளைக்குக் கட்டிய தூளித் துணி, பழைய வேட்டி, குட்டிச் சட்டை எல்லாவற்றையும் பத்திரமாக மடித்து, நடுவிலே நாலு உருண்டையைப் போட்டு வைக்கிறோம். இளைய பிள்ளை பிறந்ததும் அதே துணியை எடுத்து உதறிப் போர்த்துகிறோம். தின்ன வேண்டியதில்லை, அந்த நெடியும் தோலில் படுவதுமே போதும்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் காமாலை மூளைக்கு ஏறிச் செத்த குழந்தைகள் ஏராளம். 1960களில் வோங் ஹொக் பூன் என்ற குழந்தை வைத்தியப் பேராசிரியர், அவற்றில் பலவற்றுக்கு இந்தக் குறைவே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் அங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதனை செய்து, குறைவு உள்ளவற்றை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு வந்தது. அந்தச் சாவுகள் அடியோடு குறைந்துபோயின. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் பிறந்தவுடனே இந்தச் சோதனை நடக்கிறது. கூடவே தைராய்டுச் சுரப்பிக்கும் சோதனை நடக்கிறது. அந்தச் சுரப்பு இல்லாத பிள்ளைக்கு உடனே தினம் ஒரு மாத்திரை தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்கும்; தவறவிட்டால் புத்தி வளராது.

ஜி-6-பி-டி குறைவு என்று தெரிந்தால் முதல் ஐந்து நாள் பிள்ளையை வீட்டுக்கு விடமாட்டார்கள். இங்கேதான் சண்டை வருகிறது. “பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே, எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, எனக்கு நாளைக்கு வேலை” என்று சொல்லி, சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோழர்களே, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்! மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நாலாம் நாள் இரவு மஞ்சள் ஏறினால், மேருவிலிருந்து ஊர் நெரிசலையெல்லாம் தாண்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்டி, தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். கார் வைத்திருக்கிற வீட்டுக்கே அது லேசல்ல.

கீழாநெல்லியைப் பற்றி யாராவது கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கீழாநெல்லியை நான் பழிக்க மாட்டேன். சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் மற்றவர்களும் அதைப் பெரியவர்களுக்கு வருகிற மஞ்சள் காமாலைக் கிருமிக்குக் கொடுத்துப் பார்த்து, 1988இல் அதே ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. அது எப்படியானாலும், அது கிருமியால் ஈரல் வீங்குகிற நோய். பச்சைப் பிள்ளையின் காமாலை வேறு சங்கதி. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது. உரை மருந்து, கஷாயம், சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிறைந்த பிள்ளை பால் குடிக்காது. பால் குடிக்காத பிள்ளைக்கு மலம் போகாது. மலம் போகாவிட்டால் மஞ்சள் உள்ளேயே திரும்பும்.

ஆகவே தாய்ப்பால். சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விடாமல், பிறந்தது முதல் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். டின் பாலைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. இனிப்புச் சேர்த்த கட்டிப் பாலைக் குழந்தை உணவு என்று விளம்பரம் செய்து தலையில் கட்டிக்கொண்டிருந்த காலம். 1939இல் செசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து நின்று, ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். யார் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்! அந்தப் பாலைத் தேநீருக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் போகவில்லையென்றால் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும். அப்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மலத்தின் நிறம். பால் குடிக்கிற பிள்ளையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ வெளுத்திருந்தால், ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் அடைபட்டிருக்கலாம். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிப்பதும் அதே எச்சரிக்கை. ஜப்பானிய டாக்டர் கசாய் 1950களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சை கண்டுபிடித்தார். பிறந்து அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப் போகப் போகப் பலன் குறையும். மலத்தின் நிறத்தைப் பார்க்க யாருக்கும் படிப்புத் தேவையில்லை. பார்த்ததை மிஸ்ஸியிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

காமாலையல்லாத மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரிக் காய்ச்சல் என்றால், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கிற விஷயமல்ல. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பச்சைப் பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலுக்குச் சமமான அபாயம்தான். தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் சீழ் கட்டினாலும் காட்டுங்கள். சாம்பல், பவுடர் எதையும் வைக்காதீர்கள். சளி பிடித்த பிள்ளைக்கு, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது நெஞ்சுச் சளி, நிமோனியா. ஒரு நிரையில் எத்தனை மரம் என்று விரல் விடாமலே எண்ணுகிறவர்களுக்கு இது பெரிய கணக்கல்ல.

இப்போது வாசலில் கேட்ட தோழருக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அப்பனுக்கென்று ஒரு நாள் விடுப்புக்கூட இருந்ததில்லை. திருத்தம் வந்து, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பிள்ளை பெற்றவளின் புருஷனுக்குத் தொடர்ந்து ஏழு நாள், சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தாய்க்கு 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பும் 98 நாளாக உயர்ந்தது. அப்பனுடைய விடுப்புக்கு நிபந்தனைகள் சில: சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும், அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு முப்பது நாள் முந்தியோ, முடியாவிட்டால் பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரமோ சொல்ல வேண்டும், ஐந்து பிரசவம் வரைதான். ஏழு நாள் எதற்கென்று நினைக்கிறீர்கள்? நண்பர்களுக்கு விருந்து வைக்கவா? காமாலை ஏறுவது மூன்றாம் நாளும் நாலாம் நாளும் ஐந்தாம் நாளும்! மனைவி எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிற அந்த நாட்களில், பகல் வெளிச்சத்தில் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க, கிளினிக்குக்குக் கொண்டு போக, அளவு சோதித்த சீட்டை வாங்கி வைக்க, மறுநாள் மறுபடி வரச் சொன்னால் மறுபடி போக, அந்த ஏழு நாளும் உங்கள் கையில் இருக்கிறது. இதுதான் உங்களை உட்கார வைத்த காரணம், தோழரே.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பால் வெட்டுகிற ஆளுக்கு மேற்படிச் சட்டப் பிரிவு தெரியாது. செக்ரோல் எழுதுகிற உங்களுக்குத் தெரியும். ஒருவன் மனைவி ஏழு மாதம் என்று காதில் விழுந்தவுடனே, நீங்களே கூப்பிட்டு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தக்காரன் வழியாக வந்த ஆளாக இருந்தால், அவனுக்கு உரிமை எப்படி என்பதைச் சங்கத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். தோட்டத்தில் இரவு நேரத்துக்கு எந்த வண்டி, யார் ஓட்டுவது, எந்த நம்பரில் கூப்பிடுவது என்பதைப் பிரட்டுக்களத்துப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பும் பட்டறையும் வந்துகொண்டிருக்கிற இந்த வட்டாரத்தில், மிச்சமிருக்கிற சில குடும்பங்கள் எங்கேயோ உள்ளடங்கிய மூலையில் இருக்கின்றன. மிஸ்ஸி தேடி வருவதற்கு வழி தெரிய வேண்டும். பிரசவமான வீட்டின் இருப்பிடத்தைக் கிளினிக்கில் சரியாகச் சொல்லி வையுங்கள். தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறுகிற பெண்கள் அந்த விலாசத்தையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நாளில் மிஸ்ஸி பல தடவை வருவார். அவர் வருகிற நாளில், “பிள்ளை தூங்குகிறது, நாளைக்கு வாருங்கள்” என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

ஒரு தாய் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “என் மகனுக்கு ஜி-6-பி-டி என்று அட்டை கொடுத்தார்கள். இப்போது அவனுக்கு ஆறு வயது. இன்னும் அந்த அட்டை வேண்டுமா?” என்று கேட்கிறார். வேண்டும் அம்மா. குறைவு வயதோடு போவதில்லை; ஆயுசு முழுவதும் இருப்பது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும், அட்டையை முதலில் காட்டுங்கள். சேராத மருந்துகள் சில இருக்கின்றன. அந்துருண்டையை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கழிவறையில் தொங்கவிட்டிருந்தால் வாத்தியாரிடம் சொல்லுங்கள். ஃபாவா என்ற பெரிய அவரை வகையைக் கொடுக்காதீர்கள். நம் மொச்சை வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பையன் திடீரென்று வெளுத்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அட்டையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குச் சோதித்த முடிவு என்ன என்று உங்கள் கிளினிக்கில் நாளைக்கே கேளுங்கள்.